பவர் மீட்டர் வாங்கலாமா

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் இருமல் விட்டதா? இந்தத் தடவை யாரிடமும் எழுதச் சொல்லவில்லை, முழுக்க நானே எழுதினேன், பார்த்தாயா!

சைக்கிள் போட்டிப் பயிற்சிக்கு, மிதியில் மாட்டும் பவர் மீட்டர் வாங்கலாமா என்று நம் சின்னவள் கேட்டிருந்தாள். நான் பெருக்கித் துடைக்கும் சைக்கிள் கடையில் மெக்கானிக் அது மாட்டிய சைக்கிளில் என்னையே ஏற்றி மிதிக்கவிட்டார். எந்தக் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அது காட்டுகிறது. எண்களை நானே படித்தேன்: வலது கால் நூற்றுக்கு எழுபது, இடது முப்பது.

"என்ன பெரியவரே, இடது கால் லீவுல இருக்கா?" என்றார். சிரித்து வைத்தேன். சில வாரமாக அது மரத்திருக்கிறது. வலியில்லை, பயப்படாதே.

அவளுக்கு வாங்கிக் கொடு. முழங்காலில் அடிபட்டதிலிருந்து, கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்கிறாள். அந்த மீட்டரிடம் அது செல்லாது.

எனக்குத் தடித்த சாக்ஸ் அனுப்பு. பதிலைப் பெரிய எழுத்தில் எழுது. கடை திறந்துவிட்டார்கள், போகிறேன். என் கால் விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லாதே.