வாஷ்பேசின் மேடைக்கு எதற்கு நீலம்?

அன்புள்ள குட்டிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்கால் வலி வழக்கம்போல, மற்றபடி சுகம். போனில் கேட்டால் உன் அம்மா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் திடீரென்று பாத்ரூமில் வாஷ்பேசின் மேடைக்கும் அதன் கீழ் அலமாரிக்கும் பெயிண்ட் அடிக்கப் போவதாகச் சொன்னாள். லேமினேட் ஒட்டிய வெள்ளை மேடை, வெள்ளை அலமாரி, ஒரு கீறல் கிடையாது. ஏன் என்றால், "எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்" என்றாள். லேமினேட்டில் பெயிண்ட் லேசில் ஒட்டாது, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பிரைமர் பூசிக் காயவிட்டு, அப்புறம்தான் பெயிண்ட், அதன்மேல் வார்னிஷ், பிறகு மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது என்று கடைக்காரர் சொன்னாராம். அந்த மூன்று நாளும் நான் சமையலறைக் குழாயடியில் சவரம் செய்தேன். அலமாரிக்குக் கரும்பச்சை, மேடைக்கு அடர்நீலம், விளிம்பில் விரல் அகலத்துக்கு மஞ்சள் கோடு. இது பாத்ரூமா பஸ் ஸ்டாண்டா என்று கேட்டேன்.

முப்பத்தாறு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான், என்னிடமா? எதிர்வீட்டுக்காரர் இப்படித்தான் பாத்ரூமைப் புதுசாக்கினார், நாலாம் மாதம் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். நீயும் அவளும் போனில் குசுகுசுவென்று பேசுவதும், நான் வந்தால் பேச்சு வெயிலைப் பற்றித் திரும்புவதும் எனக்குத் தெரியாதா? வீட்டை விற்று என்னைப் பெட்டி படுக்கையோடு உன்னிடம் அனுப்பத் திட்டம் என்றே முடிவு கட்டினேன். வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

தலை துவட்டுகிற சாக்கில் பாத்ரூம் வாசலிலேயே நின்றேன். இடது கை விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே போகிறாள், பிரஷ் அதன் பின்னால் போகிறது. தேய்க்கும்போது அங்கங்கே விட்டுவிட்டாள், அந்த இடங்களில் பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. பிரைமர் என்று வார்னிஷ் டப்பாவைத் திறந்தாள், நான் சிரித்தேன். டிக்கெட் இல்லாதவன் பையைக்கூட நான் தொட்டதில்லை குட்டி, ஆனால் அன்று அவள் கைப்பையைத் திறந்தேன். கண் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. தையல்காரரிடம் போகிறேன் என்று அவள் சொல்லிவிட்டுப் போன மூன்று நாட்களின் தேதியும் அதில் இருக்கின்றன. இழந்த பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து, வீட்டில் படிக்கட்டுக்கும் மேடைக்கும் விளிம்பு தெரிகிற மாதிரி வண்ணம் அடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. துணைக்கு வந்தவர் என்ற இடத்தில் ஒரு கோடு. அவசரத்துக்கு உன் நம்பர்.

என் நம்பர் ஏன் இல்லை? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் போன மாதம் அவள் கண்ணாடி டம்ளரை மேடைக்கு வெளியே வைத்து உடைத்ததும், கவனம் எங்கே மேய்கிறது என்று நான் கத்தியதும் ஞாபகம் வந்து, சீட்டை இருந்தபடியே மடித்துப் பையில் வைத்தேன். எனக்குத் தெரிந்தால் வாசல்படி தாண்ட விடமாட்டேன் என்று பயந்தாளோ என்னவோ. அதுவும் நான் செய்யக்கூடியவன்தான். அவள் பக்கத்து வீட்டுக்குப் போனபோது உரிந்த இடங்களைத் தேய்த்து நானே பூசிவிட்டேன். மறுநாள் விரலால் தடவிப் பார்த்து, "பரவாயில்லையே நான்" என்றாள். ஆமாம் என்றேன். நீயாவது உண்மையைச் சொல், அவளுக்கு எவ்வளவு தெரிகிறது? எதிரில் நிற்கும்போது என் முகம் தெரிகிறதா? இரண்டு மாதமாக உன் கடிதங்களை என்னையே படிக்கச் சொல்கிறாள், "நீங்க படிச்சா நல்லா இருக்கு" என்பாள். யாரையும் எதையும் நம்பாத நான் இதை மட்டும் அப்படியே நம்பி, குரலைக் கனைத்துக்கொண்டு படித்தேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பதில் எழுதும்போது கண் விஷயத்தைத் தனித்தாளில் எழுது, மற்றதை நான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா