அம்மாவின் கைக்கு வெட்டிய துப்பாக்கி

அன்பு மகள் ஹெல்காவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவுக்கு இருமல் ஒருவழியாக விட்டுவிட்டது, என் இடுப்பு வழக்கம்போல, மற்றபடி இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறோம். உன் உடம்பு எப்படி என்று ஒளிக்காமல் எழுது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு, நம் குடும்பத்துக்கு உடைந்த இடுப்பு ஒன்று போதும். அந்த ஊர் வெயிலில் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. போன ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா கரடிக் கதையை முக்கால் மணி நேரம் சொன்னாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கதையில் அவளுக்கே தெரியாத பாகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அவள் இன்று காட்டுக்குச் சிவப்புப் பெர்ரி பறிக்கப் போயிருக்கிறாள், இரண்டு வாளி நிரம்பாமல் திரும்ப மாட்டாள், அதனால் எனக்கு நாலு மணி நேரம் கிடைத்திருக்கிறது. தபால்காரப் பெண் வந்தால் அவள் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

வேட்டை மேடையிலிருந்து நான் விழுந்து இந்த அக்டோபரோடு இரண்டு வருடம். கால் பெடலை அழுத்தாது என்று ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள், வாசலில் நாலு படி, அந்த நாலு படியோடு என் உலகம் முடிந்துவிட்டது. ஏரிக்கரையில் இருக்கிற சவுனாவுக்கு, அந்த நீராவிக் குளியல் அறைக்கு, நான் போய் ஒரு வருடம் ஆகிறது, சமையலறைத் தொட்டியில் அம்மா துணி நனைத்துத் துடைத்துவிடுகிறாள். பனி விழுந்தால் அவள்தான் வழி வெட்டுகிறாள், விறகு பிளக்கிறாள், நான் ஜன்னலில் உட்கார்ந்து வெப்பமானியைப் படித்துச் சொல்கிறேன், இந்த வீட்டில் எனக்கு இருக்கிற உத்தியோகம் அதுதான். உனக்கு ஞாபகம் இருக்கும், கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நாங்கள் குடிபோக என்று கயானி நகரத்தில் அந்த மூன்றாவது மாடி வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாய். லிஃப்ட் இருக்கிறது, எதிரே நூலகம், பக்கத்தில் வெந்நீர் நீச்சல் குளம். நீ காட்டிய படத்தை நான் வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தேன். ராத்திரி நீங்கள் தூங்கின பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அன்றைக்கு அம்மா என்ன சொன்னாள்? "வர்ற வேட்டைக் காலம் வரைக்கும் குடுங்க. வேட்டைக் கூட்டத்துல இவரு இடத்துல நானே நின்னு காட்டுறேன். இறைச்சிப் பங்கு இந்த வீட்டுக்கு வரணும், அதை நான் கொண்டுவரேன். முடியலைன்னா செப்டம்பர்ல இந்த வீட்டுச் சாவிய நானே குடுத்துடறேன்." நீ சரி என்றாய். நானும் சரி என்றேன். மனசுக்குள்ளே, அறுபத்து மூன்று வயதில் இவளாவது கரடி சுடும் கூட்டத்தில் நிற்பதாவது, செப்டம்பரில் மூட்டை கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

உன் அம்மாவைப் பற்றி நான் போட்ட எந்தக் கணக்கு சரியாக வந்திருக்கிறது? வேட்டைத் தேர்வை முதல் தடவையிலேயே எழுதித் தேறிவிட்டாள். பிறகு சுடும் தேர்வு. எழுபத்தைந்து மீட்டர் தூரத்தில் கரடிப் படம், ஒன்றரை நிமிடத்தில் நாலு குண்டு, நாலும் வட்டத்துக்குள் விழ வேண்டும். அதில்தான் மாட்டிக்கொண்டாள். கையில் இருந்தது என் துப்பாக்கி. என் கை நீளம் உனக்குத் தெரியும், சட்டை வாங்கப் போனால் கடைக்காரன் சிரிப்பான். தோளில் ஊன்றுகிற அதன் மரப் பின்கட்டை அந்த நீளத்துக்கு அளவெடுத்துச் செய்தது. அம்மா தோளில் வைத்தால் விசையை எட்டுவதற்குக் கழுத்தை நீட்டி உடம்பைப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது, வெடித்ததும் உதை தோளில் விழாமல் கைச்சதையில் விழுந்தது. ஜூன் மாதம் இரண்டு தடவை தோற்றாள். வீட்டுக்கு வந்து ரவிக்கையைக் கழற்றினால் கை முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருக்கும். தப்பு எங்கே இருக்கிறது என்று அவள் அதைக் கையில் எடுத்த முதல் நாளே எனக்குத் தெரியும் ஹெல்கா. நாலு விரல் அகலம் மரத்தை வெட்டினால் போதும். நான் சொல்லவில்லை. ஜூன் முழுக்கச் சொல்லவில்லை. மூச்சைப் பிடிச்சு சுடு, கண்ணை மூடாதே என்று உதவாத யோசனையெல்லாம் சொன்னேன்.

மூன்றாவது தடவை தோற்றுவிட்டு வந்தபோது புருவத்துக்கு மேலே பிறை மாதிரி வெட்டு, உதையில் துப்பாக்கி மேல் இருக்கிற தொலைநோக்கிக் குழாய் பின்னால் வந்து இடித்திருக்கிறது. ரத்தத்தைக் கழுவிவிட்டுக் காப்பி போட்டாள். கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். மேசையில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டு, "துப்பாக்கி நல்ல துப்பாக்கிங்க. நீங்க அதுல எத்தனை மான் அடிச்சிருக்கீங்க. எனக்குத்தான் வயசாயிடுச்சு, நான்தான் ஒப்புக்கவே மாட்டேங்கிறேன்" என்றாள். கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருடத்தில் அவள் தன்னைக் குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை. அந்த மூன்றாவது மாடி, லிஃப்ட், வெந்நீர்க் குளம் எல்லாம் எனக்கு வேண்டும்தான், ஆனால் அவளுடைய அந்த முகத்தைக் கொடுத்து வாங்க என்னால் முடியவில்லை. துப்பாக்கியை எடுத்து வரச் சொன்னேன். அவள் முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பில் கட்டையின் அடியை வைத்து, விரல் விசையில் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பென்சிலால் கோடு போட்டேன். சமையலறை மேசையிலேயே ரம்பத்தால் அறுத்தேன். கன்னம் படுகிற இடத்தையும் கொஞ்சம் இழைத்து, ரப்பர் பட்டையை மறுபடி ஒட்டிக் கொடுத்தேன். இனி அது என் கைக்கு ஆகாது. அவள் மரத்தூளைக் கூட்டி அள்ளினாள். அடுத்த சனிக்கிழமை நாலு குண்டும் வட்டத்துக்குள்.

பெர்ரிக் காட்டோரம் தேன்பெட்டிகளை உடைத்துத் தின்றுகொண்டிருந்த கரடிக்காக ஆகஸ்டில் நம் ஊர்க் கூட்டத்துக்கு ஒரே ஒரு அனுமதி வந்தது, அது உனக்குத் தெரியும். கூட்டத் தலைவர் ஆர்மாஸ், என்னோடு பள்ளியில் படித்தவன், கிளம்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டானாம்: "காட்டுக்குள்ள போனா யாரும் அது பேரைச் சொல்லக்கூடாது. பெரியவர்னு சொல்லணும். பேரைச் சொன்னா அவருக்குக் காது கேக்கும்." அம்மாவை என் பழைய இடத்தில், மின்கம்பிப் பாதை ஓரத்தில் நிறுத்தினார்கள். காலையிலிருந்து மழை. நாய் ஹில்லா பத்து மணிக்கு மோப்பம் பிடித்துக் குரைக்க ஆரம்பித்தாள், சதுப்பைச் சுற்றி இரண்டு மணி நேரம் பெரியவரை ஓட்டிக்கொண்டு வந்தாள், அவர் பாதையைக் கடக்கும்போது நாற்பது அடி தூரத்தில் அம்மா ஒரே குண்டு போட்டாள், அவர் பத்தடி நடந்து படுத்துவிட்டார். இதுவரைக்கும் நீ கேட்டுவிட்டாய். அம்மா சொல்லாமல் விட்டதை ஆர்மாஸ் இறைச்சிப் பங்கைக் கொண்டுவந்து கொடுக்கும்போது சொன்னான். படியில் ஏறும்போதே சிரிப்பு. "டேய் தைஸ்தோ, உன் பொண்டாட்டி வேட்டைக்கு வந்தாளா, குளிக்க வந்தாளா? நான் போய்ப் பாக்குறேன், கோட்டு கிளையில தொங்குது, அவ வெறும் ரவிக்கையோட மழையில நிக்கிறா. பல்லு தந்தியடிக்குது, பேரைக் கேட்டா பேரு வரல. என் கோட்டைப் போத்தி ஜீப்ல ஏத்தினேன். ஏன் தங்கச்சி இப்படின்னு கேட்டா, கோட்டுப் போட்டா கட்டை தோள்ல உக்காரல, அக்குள்ல மாட்டுதுண்ணேங்கிறா. இரண்டு மணி நேரம் நின்னிருக்காடா."

அவன் போன பிறகு அவள் கோட்டை நாற்காலியில் போட்டு, அதன் மேல் துப்பாக்கியை வைத்து அளந்து பார்த்தேன். கோட்டின் கனத்துக்கு இன்னும் இரண்டு விரல் வெட்டியிருக்க வேண்டும். நான் சமையலறையில் ஜூலை மாதத்து ரவிக்கையோடு அவளை அளந்திருக்கிறேன். நாற்பது வருடம் காட்டில் நின்றவன் நான். கோட்டைப் போட்டுக்கொண்டு அளவு எடுங்கடா என்று இந்த ஊரில் எத்தனை பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு மறந்துதான் போயிற்றா, மறக்கட்டும் என்று நானே விட்டேனா, எத்தனை தடவை யோசித்தும் எனக்கே தெரியவில்லை. அவள் அதற்குப் பிறகு பத்து நாள் காய்ச்சலும் இருமலுமாகக் கிடந்தாள். உன்னிடம் சளி என்று மட்டும் சொன்னோம். அளவு தப்பு என்று என்னிடம் ஒரு வார்த்தை அவள் குறை சொல்லவில்லை. இரண்டு விரல் மரத்தையும் நேற்று வெட்டிவிட்டேன். ஏன் என்று கேட்டாள், குளிர்காலத்துக்கு என்றேன்.

போன வாரம் ஊர்க் கூடத்தில் கரடி விருந்து நடந்தது. என்னை நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. காலையிலிருந்து கொதித்த சூப், கறுப்பு ரொட்டி, அம்மாவை மேசையின் தலைப்பக்கத்தில் உட்காரவைத்து, வழக்கப்படி கரடியின் மண்டையோட்டைப் பைன் மரத்தில் கட்டும் உரிமையையும் அவளுக்கே கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன், பெருமையாகத்தான் இருந்தது, அதில் பொய் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தவள் என் காதோரம் குனிந்து, "எல்லாரும் நான் ஜெயிச்சேன்னு நினைக்கிறாங்க. உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். நீங்க உங்க துப்பாக்கியை எனக்காக அறுத்தீங்களே, அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சுங்க, உங்களுக்கும் இந்த வீட்டை விட்டுப் போக மனசில்லைன்னு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என் வாயில் சூப்பு இருந்தது. விழுங்கிவிட்டுத் தலையாட்டினேன். மறுநாள் காலையிலேயே குளிர்காலத்துக்கு விறகு சொல்லிவிட்டாள், வாசல் படிக்குச் சரிவுப் பலகை போட ஆளுக்கும் சொல்லிவிட்டாள். பலகை வந்தால் நான் முற்றம் வரை போகலாம், அதற்கு அப்புறம் முழங்கால் பனி. நான் அவளுக்கு ஒரு நல்லது செய்தேன், அதையே தாழ்ப்பாளாகப் போட்டுக்கொண்டேன்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு முப்பதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. வேண்டாம் என்று எழுதிவிடு என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். கொஞ்சம் பொறு. இந்த இரண்டு வருடத்தில் டாக்டர் வலி எப்படி என்று கேட்டார், நீ மருந்து சாப்பிட்டேனா என்று கேட்டாய், அம்மா குளிர்கிறதா என்று நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறாள். எங்கே இருக்க ஆசை என்று ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. அம்மா மேல் குற்றம் இல்லை, நான் தலையாட்டிக்கொண்டே இருந்தால் யாருக்குக் கேட்கத் தோன்றும். நானாக வாயைத் திறந்தால், மழையில் நின்று அவள் வாங்கியதை அவள் கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி ஆகிவிடும், அது என்னால் ஆகாது. கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவேன். இது உன் கைக்கு வந்ததும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கேள்.

அவளை முதலில் நன்றாகப் பாராட்டிவிட்டு அப்புறம் கேள், அவள் அதற்குத் தகுந்தவள். இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. நீ நீண்ட ஆயுளோடு, நல்ல கால்களோடு, நினைத்த இடத்துக்கு நினைத்தபோது போய்வருகிறவளாக இருக்க வேண்டும் என்று அப்பா வாழ்த்துகிறேன். மறக்காதே, கேட்ட உடனே எனக்குப் பதில் வராது, கொஞ்ச நேரம் ஆகும். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துப் போனை வைத்துவிடாதே.

உன் அப்பா,
தைஸ்தோ