சும்மா ஒரு அப்டேட்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கு? மாத்திரையை ஒழுங்கா போடுறியா? எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல, வயித்தெரிச்சல் மட்டும்தான்.

எங்க மேனேஜருக்கு நாங்க வச்ச பேரு 'சும்மா'. எங்க கம்பெனிக் கடைகளுக்கெல்லாம் பில் போடுற சர்வருக்கு அப்டேட் வந்துச்சு. "முதல்ல டெஸ்ட் சர்வர்ல போட்டுப் பார்ப்போம் சார்"னேன். "சும்மா போடும்மா, பேக்கப்தான் இருக்கே"ன்னார். போட்டேன். பில்லிங் சாஃப்ட்வேர் படுத்துடுச்சு. அவர் சொன்ன அந்த நகலைத் திறந்தா, உள்ளே காலி! எடுத்து வச்சாங்களே தவிர, ஒருத்தரும் திறந்து பார்க்கலை. கடைக்கடையா கூட்டம் கத்துது, இந்த மனுஷன் என்னைக் கைகாட்டுறார், "இந்தப் பொண்ணு அவசரப்பட்டுடுச்சு"ன்னு! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பழைய நகல் ஒண்ணைத் தேடிப் பிடிச்சு ஓட வச்சுட்டேன், நீ கவலைப்படாதே.

உன் போனும் அப்டேட் கேக்குதுன்னியே, தொடாதே. அப்பா போனப்புறம் அவர் குரல் அதுல மட்டும்தான் இருக்கு. முதல்ல அதை எனக்கு அனுப்பு. அனுப்பியாச்சேன்னு இருந்துடாதே. அவர் என்னைத் திட்டுறது இங்கே கேக்குதுன்னு நான் சொன்னப்புறம் அப்டேட்டை அமுக்கு.

இதோ, 'சும்மா' கூப்பிடுறார். சீக்கிரம் அனுப்பும்மா. திட்டு வாங்கினா அப்பாகிட்ட வாங்கணும், இந்த ஆள்கிட்ட இல்ல.

உன் மக