கட்டிலடியில் பலாப்பழ வாசனை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
19-1-2025

அன்புள்ள அரசிக்கு,

தேவா எழுதுகிறேன். போனை எடுத்தால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வந்துவிடுகிறது, காகிதத்தில் எழுதினால் கோபம் தபால்பெட்டிக்குப் போவதற்குள் ஆறிவிடும் என்று சொன்னவள் நீதான். எழுதிவிட்டேன், போதுமா? கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சேலைக்குப் புட்டா வரைகிற கைக்கு எழுத்து வராது.

அம்மாவுக்கு இடுப்பில் வலி குறைந்திருக்கிறது. உட்காருகிறாள், நிற்கத்தான் முடியவில்லை. கட்டிலைத் தறி இருக்கும் அறைக்கே இழுத்துப் போட்டுவிட்டேன். நெய்துகொண்டே பேச்சுத் துணையாக இருக்கலாம் அல்லவா? காலையில் நம் தெரு இந்திராணி வந்து எல்லாம் பார்த்துவிட்டுப் போகிறாள். "என் மருமக ஸ்ரீபெரும்புதூர்ல பெரிய கம்பெனியில கீறா, என் மேல கோவம் இல்ல, இவன் மேலதான்" என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்கிறாள் உன் மாமியார். மானம் போகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு விமானம் வாங்கியிருக்கிறேன். திட்டாதே. ஃபோமில் செய்தது, பேட்டரியில் ஓடுவது, ரிமோட்டில் பறப்பது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்றே பெட்டியில் போட்டிருக்கிறது. நேற்று செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்று மணலுக்கு எடுத்துப் போனேன். கையால் வீசியதும் எழும்பியது. மூக்கை மேலே தூக்கிக்கொண்டே போய், ஆகாயத்தில் ஒரு கணம் நின்று, தலைகுப்புற விழுந்தது. திரும்பி என்னை நோக்கி வரும்போது இடதுபக்கம் தள்ளினால் வலதுபக்கம் போகிறது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா? பேட்டரி பரிசோதிக்கிற பிரிவில் இருப்பவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமே, சொல்.

உன்
தேவா


ஸ்ரீபெரும்புதூர்
25-1-2025

என்னங்க,

கடிதம் கிடைத்தது. எழுத்து பரவாயில்லை, காகிதத்தில் ஒட்டியிருந்த குழம்புக் கறைதான் பயமுறுத்தியது. அத்தையை நேரத்துக்குச் சாப்பிட வையுங்கள்.

விமானத்தில் கோளாறு இல்லை. என்னோடு வேலை பார்க்கிற பாண்டியன் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத்தான் பறக்கவிடுகிறார். அவரைக் கேட்டு எழுதுகிறேன். மூக்கைத் தூக்குகிறது என்றால் வால் பக்கம் பாரம் அதிகம். இறக்கைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்கிப் பாருங்கள். நேராக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு எதிராக வீசுங்கள். இடது வலது மாறுவது கோளாறே அல்ல. விமானம் உங்களைப் பார்த்து வரும்போது அதன் இடது உங்கள் வலது. எதிரே உட்கார்ந்து ஒருத்திக்கு வகிடு எடுத்திருந்தால் உங்களுக்கு இது புரிந்திருக்கும்.

இனி நான் எழுதுவதை விளையாட்டாகப் படிக்காதீர்கள். அந்த பேட்டரி கைபேசி பேட்டரி மாதிரி சாதுவானது அல்ல. சார்ஜ் போட்டுவிட்டு அகலக் கூடாது. அடிபட்டால் பிறகு நம்பக் கூடாது. தறி அறையில் சார்ஜ் போடவே கூடாது. அந்த அறையில் பட்டு இருக்கிறது, அதைவிட முக்கியமாக அத்தை இருக்கிறார். எழுந்து ஓட முடியாதவர். பின்கட்டில், திறந்த வெளியில், நீங்கள் பக்கத்தில் நின்று போடுங்கள்.

குழாயடிக் கல்லில் பாசி பிடித்திருக்கிறது, பெயர்த்துப் போடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் 'சரி' என்றீர்கள். கடைசியில் அத்தை வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். நான் வீட்டை விட்டு வந்தது உங்கள் கோபத்துக்காக அல்ல, அந்த 'சரி'க்காக. பங்குனி உத்திரத்துக்கு வருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஒரு விஷயம், ஒரே ஒரு விஷயம் நான் சொன்னபடி நடந்தால் யோசிப்பேன்.

இளவரசி


பிள்ளையார்பாளையம்
9-2-2025

அன்புள்ள அரசிக்கு,

நீ வாழ்க, பாண்டியன் வாழ்க! பேட்டரியை முன்னால் தள்ளியதும் விமானம் நேராகப் போயிற்று. ஆற்றுமணலுக்கு மேலே ஒரு முழுச் சுற்று. மாடு ஓட்டி வந்தவர் நின்று பார்த்துவிட்டு, "இன்னாபா, ஆளு உள்ள இல்லாமயே போவுது?" என்றார். தறிக்குழியில் கால் தொங்கப்போட்டே பாதி ஆயுசு போனவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

அடுத்த சுற்றில் கருவேல மரத்தில் மோதிவிட்டது, அது வேறு கதை. இறக்கையில் விரிசல், உள்ளே ஒயர்கள் பிய்ந்து தொங்கின. ஒயரைச் சுற்றியிருந்த ரப்பர் ஒன்றிரண்டு இடத்தில் உரிந்திருந்தது. கடைக்கு ஓடுவேனா நான்? போன முகூர்த்தச் சேலையில் மிஞ்சிய ஜரிகை இருந்தது, நல்ல சுத்த ஜரிகை. ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து, பேட்டரி மாட்டுகிற இடம் வரைக்கும் அடர்த்தியாகச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டேன். இறக்கைக்கும் அதே கட்டு. வெயிலில் மின்னுகிறது பார், சாமி ஊர்வலம் போகிற மாதிரி.

ஆனால் புதுத் தொல்லை. நேராகப் போனால் ஒழுங்காக ஓடுகிறது. திரும்பும்போது மோட்டார் விக்குகிறது, சில சமயம் நின்றே போகிறது. இறக்கிப் பார்த்தால் ஜரிகை ஓரிடத்தில் கறுத்திருக்கிறது. எனக்கு வந்ததே கோபம்! சுத்த வெள்ளி ஜரிகை இப்படிக் கறுக்குமா? ஜரிகைக்காரர் சிட்டிபாபு போலியைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவர் கடைக்கே போய்ச் சத்தம் போட்டேன். அவர் தெலுங்கில் திட்ட, நான் தமிழில் திட்ட, தெருவே கூடிவிட்டது.

பேட்டரி கொஞ்சம் உப்பியிருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "பூரி கணக்கா கீதுடா" என்றாள். தொட்டால் சூடு. ஆறினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். சார்ஜ் விஷயத்தில் கவலைப்படாதே, பத்திரமான இடத்தில்தான் போடுகிறேன்.

உன்
தேவா


ஸ்ரீபெரும்புதூர்
13-2-2025

என்னங்க,

முதலில் சிட்டிபாபு அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். அவர் கொடுத்தது அசல் ஜரிகை. அசலாக இருந்ததால்தான் கறுத்தது.

பட்டு நூலின் மேல் வெள்ளியைச் சுற்றித்தான் ஜரிகை என்று எனக்குக் கல்யாணமான புதிதில் நகத்தால் சுரண்டிக் காட்டியவர் நீங்கள். வெள்ளியில் மின்சாரம் ஓடும். ரப்பர் உரிந்த இரண்டு ஒயர்களை வெள்ளியால் சேர்த்துக் கட்டியிருக்கிறீர்கள். விமானம் சாயும்போதெல்லாம் அந்தக் கட்டு நகர்ந்து இரண்டு ஒயருக்கும் நடுவே மின்சாரம் குறுக்கே பாய்கிறது. மோட்டார் விக்குவது அதனால்தான். பேட்டரி சூடாவதும் உப்புவதும் அதனால்தான். உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது, கையில் கிடைத்ததை எல்லாம் ஜரிகையால் கட்டுகிற நம் ஊர்க்காரனைத் தவிர.

ஜரிகையை முழுக்க அவிழ்த்துவிடுங்கள். ஒரு இழை மிஞ்சக் கூடாது. உரிந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

உப்பிய பேட்டரி ஆறினாலும் சரியாகாது. அது செத்துவிட்டது, ஆனால் சாதுவாகச் சாகவில்லை. இனி ஒரு தடவைகூட அதற்குச் சார்ஜ் போடாதீர்கள். குத்தாதீர்கள், அமுக்காதீர்கள். ஒரு வாளியில் மணல் போட்டு, அதில் புதைத்து, பின்கட்டுக்கு வெளியே வையுங்கள். எங்கள் பிரிவில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் பக்கத்து மேஜைக்காரர்கூட எழுந்துவிடுவார்.

'பத்திரமான இடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இடம்? நேராகப் பதில் எழுதுங்கள். அத்தையை நினைத்தால் ராத்திரி சோறு இறங்கவில்லை.

இளவரசி


பிள்ளையார்பாளையம்
27-2-2025

அன்புள்ள அரசிக்கு,

நேற்று சிவராத்திரி. ஏகாம்பரநாதர் கோயிலில் கால் வைக்க இடமில்லை. உன் பெயருக்கும் ஒரு அர்ச்சனை செய்தேன், நட்சத்திரம் மறந்துபோய் அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

நீ சொன்னதை எல்லாம் செய்துவிட்டேன். ஜரிகையை அவிழ்த்தாயிற்று, டேப் ஒட்டியாயிற்று. சிட்டிபாபுவிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. மனுஷர் டீ வாங்கிக் கொடுத்தார். புது பேட்டரி வந்துவிட்டது. பழையதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன், இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம். உன் கடிதத்தைப் படித்தால் யாரோ வெடிகுண்டு வைத்திருப்பதுபோல் இருக்கிறது. இவ்வளவு பயந்த சுபாவத்தோடு அந்த பேட்டரிக் கூட்டத்தில் எப்படி வேலை பார்க்கிறாய்?

மோட்டார் இப்போது விக்கவே இல்லை. திரும்புகிறது, வட்டமடிக்கிறது, மணலில் மெல்ல இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை உனக்கு விடுமுறைதானே? பஸ் ஏறி நேராகச் செவிலிமேட்டுக்கு வா. உனக்காக இரண்டு தடவை பறக்கவிடுகிறேன். முதல் தடவை நான், இரண்டாவது தடவை நீ. ரிமோட்டை உன் கையில் கொடுத்துவிடுவேன். அப்படியே வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடு. பங்குனி உத்திரம் வரைக்கும் என்னால் காத்திருக்க முடியாது அரசி. வீடு வெறிச்சென்று கிடக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

அம்மா நானும் ரெண்டு வார்த்தை சொல்கிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அவள் சொன்னது அப்படியே:

"இளவரசி, நல்லா சாப்பிடறியாமா? எனக்கு இப்ப பரவால்ல. இந்திராணி தலைக்கு எண்ணெய் வெச்சா, உன் கை மாதிரி வரல. ஒண்ணு சொல்லணும். ரெண்டு நாளா என் கட்டிலாண்ட பழ வாசனை வந்துக்கினே இருக்குது, பலாப்பழம் கணக்கா. இவன்கிட்ட சொன்னா சிரிக்கிறான்மா. நீ வந்தா பாரு."

மாசியில் பலாப்பழம் ஏது? வயசாகிவிட்டது அம்மாவுக்கு. ஞாயிறு பார்க்கலாம்.

உன்
தேவா


தறி அறையிலிருந்து
2-3-2025, ஞாயிறு

என்னங்க,

உங்கள் கடிதம் நேற்றே வந்திருந்தது. வேலைக்குப் போய்விட்டதால் இன்று காலையில்தான் பிரித்தேன். படித்ததும் போன் செய்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் செய்தேன். இங்கே வந்து பார்த்தால் உங்கள் போன் தறிமேல் தனியாக அதிர்ந்துகொண்டிருக்கிறது. நீங்கள் ஆற்றில் எனக்காகக் காத்திருக்கிறீர்கள்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். இரண்டு தடவை பறக்கவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பேட்டரிக்கு ஒரு தடவைதான் பறக்கும். அப்படியானால் இரண்டாவது பேட்டரி எது? அதற்குக் கீழேயே அத்தையின் வார்த்தைகள். உப்பிய பேட்டரி கசியத் தொடங்கினால் பழ வாசனைதான் வரும். எங்கள் பிரிவில் அந்த வாசனை வந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவோம். நீங்கள் அதைச் சிரித்துக்கொண்டே உங்கள் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

கட்டிலுக்கு அடியில் இருந்தது. அடிபடக் கூடாது என்று கழிவுப் பட்டு நூலில் சுற்றி, அதன் மேலேயே சார்ஜரை வைத்து, பிளக்கில் மாட்டியிருந்தீர்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேலே அத்தை தூங்கிக்கொண்டிருந்தார்.

விதிப்படி முதலில் ஆளைத்தான் வெளியே எடுக்க வேண்டும். அத்தையை என்னால் ஒருத்தியாகத் தூக்க முடியாது. அதனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடுப்படி இடுக்கியால் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்கட்டில் குழாயடிக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன், என் முதுகுக்குப் பின்னால் சீறிக்கொண்டு பற்றியது. ஆள் உயரத்துக்குத் தீ. அத்தை விழுந்த அதே கல். பாசி அப்படியே இருக்கிறது, எனக்கும் கால் வழுக்கியது.

கை கொஞ்சம் சுட்டுவிட்டது, பெரிதாக இல்லை. அத்தை எழுந்து, "என்னமா சத்தம்?" என்றார். ஒன்றுமில்லை, பட்டாசு என்றேன். உங்களைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

சிட்டிபாபு அண்ணனும் இந்திராணியும் வந்து அத்தையைத் தூக்கி வாடகைக் காரில் உட்கார வைத்துவிட்டார்கள். அத்தையை என்னோடு கூட்டிப் போகிறேன். அவரைக் கேட்டேன், "உன் கூட வரேன்மா" என்றார். மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொண்டேன். என் புடவைகளைத் தொடவில்லை, அவை இருக்கட்டும்.

பங்குனி உத்திரத்துக்கு வர மாட்டேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம். 'சரி' என்று எழுதுவீர்கள், அதை இன்னொரு தடவை படிக்க எனக்குத் தெம்பு இல்லை.

இளவரசி


பிள்ளையார்பாளையம்
9-3-2025

அரசிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே இருப்பதை மட்டும் அம்மாவிடம் கொடுத்துவிடு. அவளுடைய மூக்குக்கண்ணாடி. தலையணைக்கு அடியில் இருந்தது. அது இல்லாமல் அவளுக்குச் சாமி படம்கூடத் தெரியாது.

அன்றைக்கு விமானம் நன்றாகப் பறந்தது. நீ வருவாய் என்று சாலையைப் பார்த்துப் பார்த்துப் பறக்கவிட்டேன். வரவில்லை. பேட்டரி தீர்ந்தது. இன்னொன்றை எடுத்துக்கொண்டு போவதற்குள் வந்துவிடுவாய் என்று வீட்டுக்குத் திரும்பினேன். தெருமுனையிலேயே கருகின நாற்றம். கதவு திறந்து கிடந்தது. கட்டில் காலி. பின்கட்டில் கல் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது.

தறிமேல் இருந்த உன் கடிதத்தை நான் உடனே பார்க்கவில்லை அரசி. அதைப் பார்ப்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. அந்தச் சாம்பலைக் கையால் கிளறினேன். எதைத் தேடினேன் என்று எழுத என்னால் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்து, "தேவா, உங்கம்மா நல்லா கீதுபா, கார்ல போச்சுபா" என்று சொல்லிச் சொல்லித் தூக்கினார். எனக்கு அது காதில் ஏறவில்லை.

கல்லைப் பெயர்த்துவிட்டேன். என் வார்த்தையை நம்ப வேண்டாம், இந்திராணியைக் கேள். விமானத்தை உடைக்கவில்லை, அதன் மேல் தப்பு இல்லை. பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.

அம்மா என்னைக் கேட்டாளா என்று மட்டும் ஒரு வரி எழுது. கேட்கவில்லை என்றால் அதையும் எழுது. தபால்காரர் வருகிற நேரம் தறியை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

தேவேந்திரன்