என் ஆளை நீ கொன்ற ஞாயிறு

நான் வராத ஞாயிற்றுக்கிழமையில் என் ஆளை நீ கொன்றாய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசிவிட்டு, அப்புறம் குறைக்கு வருவது எனக்குப் பழக்கமில்லை.

உன் பகடைப் பையை உன் வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுத்தாள். சுருக்கை அவிழ்த்ததும் உன் சுருட்டு வாசனை. "உங்களுக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாருண்ணே" என்றாள். நீ சொன்னாயோ, அவளாகச் சொன்னாளோ. இருபது முகமுள்ள அந்தப் பச்சைப் பகடையை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தேன். அன்றைக்கு உருண்டது அதுதான்.

வேலையெல்லாம் முடித்துக்கொண்டு பிரான்சிலிருந்து திரும்புகிறவர்கள் ஒயினும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். நீ பகடைகளோடு வந்தாய். "இதுக்குப் பலகையே கிடையாதுடா. கதைதான் ஆட்டம். ஒருத்தன் ஒரு உலகத்தைச் சொல்லுவான். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா அதுக்குள்ள போய் நிப்பாங்க. இன்னா பண்றேன்னு அவன் கேப்பான், நீ சொல்லணும். நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும்." அறுபதைத் தாண்டியவனிடம் பேசுகிற பேச்சா இது என்றேன். அடுத்த ஞாயிறே உன் மாடியில் உட்கார்ந்திருந்தேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் செல்வியும், ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் ஜானும் எதிரில்.

விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. மில்லில் சங்கத்து நோட்டீஸைப் படித்துப் படித்தே எழுத்துக் கற்றவன் நான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதையும் முடித்தேன். அதற்குப் பிறகு விதியில் சந்தேகம் வந்தால் அவர்கள் உன்னைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்கள். உனக்கு அது பிடிக்கவில்லை. எனக்குத் தெரியும்.

கதை நடத்துகிறவனைப் பிரெஞ்சில் சொல்கிற மாதிரி 'மேத்ரு' என்று கூப்பிடச் சொன்னாய். செல்வி முதல் நாளே அதை மேஸ்திரி ஆக்கிவிட்டாள். "மேஸ்திரி, என் ஆளு கதவை ஒடைக்கிறா!" நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. மில்லில் நான் பார்த்த மேஸ்திரிகள், ஆள் இல்லாத நேரம் பார்த்து அவன்மேல் குற்றம் சொல்கிறவர்கள்.

ஆட்டத்தில் என் ஆளுக்குக் கொண்டல் என்று பெயர் வைத்திருந்தேன். கிழக்கிலிருந்து வரும் காற்றின் பெயர். உன் கற்பனைக் கடலில் சுக்கான் பிடிக்கிறவன், வாய்த்துடுக்கு, யாருக்கும் பணியாதவன். என் மனைவிக்குக் கண் ஆபரேஷன் நடந்த வாரம் நான் வரவில்லை. வராதவனின் ஆள் படகின் அடித்தட்டில் தூங்குவான் என்பது நீயே போட்ட விதி. அப்படியிருந்தும் புயலைக் கொண்டுவந்தாய். கொண்டலைத் தட்டி எழுப்பிச் சுக்கானுக்கு அனுப்பினாய். நான் உருட்ட வேண்டிய பகடையை உன் கையால் உருட்டினாய். ஒன்று விழுந்தது, இருப்பதிலேயே மோசமான எண். "கடல்ல விழுந்தான், செத்தான்" என்று முடித்துவிட்டாய்.

நான் வந்து கேட்டபோது, "பகடை அப்படி விழுந்துடுச்சுடா. மே நோன், அட இல்லடா! இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு" என்று உன் பிரெஞ்சையும் சேர்த்துச் சலித்துக்கொண்டாய்.

"ஒடம்பு கரையேறிச்சா?" என்றேன்.

"எந்த ஒடம்பு?"

"என் ஆளு ஒடம்பு."

"டேய், கதைடா அது!"

நீ கடற்கரைச் சாலையில் காற்று வாங்கி வளர்ந்தவன். நான் குருசுக்குப்பத்துக்காரன். கடலுக்குப் போய்த் திரும்பாதவனை, உடம்பு கரையேறாமல் 'செத்தான்' என்று எங்கள் வீட்டில் சொல்லமாட்டோம். என் சித்தப்பா திரும்பவில்லை. சித்தி கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. அழிக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. 'செத்தான்' என்பதை எடுத்துவிட்டு 'காணோம்' என்று சொல், வருகிறேன் என்றேன். ஒரே ஒரு சொல்தான் கேட்டேன். நீ தரவில்லை. நானும் உன் மாடிப்படி ஏறவில்லை.

அப்புறம் நீ பிரான்சுக்கு, மகன் வீட்டுக்கு வைத்தியத்துக்குப் போனாய். அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகப் போன் வந்தது. உன் வழியில் பார்த்தால் கணக்கு முடிந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி, உடம்பு இந்தக் கரைக்கு வராத நீயும் காணாமல் போனவன்தான். இதை அன்பு என்று எடுத்துக்கொள்ளாதே. ஆளுக்கொரு விதி வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது.

செல்வியும் ஜானும் என்னை வந்து கேட்டார்கள். கதையை நான் நடத்துவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. சரி என்றேன். ஆனால் உன் உலகத்தில் கால் வைக்கமாட்டேன், என் உலகத்தை நானே செய்துகொள்வேன் என்றேன். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் மலையும் ஆறும் வரைந்தேன். ராஜ வம்சங்கள், போர்கள், சாபங்கள், கோயில் கட்டியவன், இடித்தவன் எல்லாம் எழுதினேன். மாதக்கணக்கில் எழுதினேன். செல்வி வந்து புரட்டிப் பார்த்தாள்.

"பெரிப்பா, யாரு இந்த ராசா?"

"எழுநூறு வருசத்துக்கு முன்னால செத்தவன்."

"அப்ப எனக்கு எதுக்கு அவன்? நான் படகுலேர்ந்து எறங்குறேன். எதிர்ல யாரு நிக்கிறா? அவளுக்கு இன்னா வேணும்? அத்தச் சொல்லுங்க."

அது என் தாள்களில் இல்லை.

"சரி, நான் நாலு வருசமா வளத்தேனே என் ஆளு, அந்த வைத்தியக்காரி? அவ இன்னாகிறா?"

"புது உலகம். புது ஆளுங்கதான்."

"நல்லா இருக்கே! அவரு உங்க ஆளு ஒருத்தனத்தான் முடிச்சாரு. நீங்க எங்க ரெண்டு பேரையும் சேத்து முடிக்கிறீங்க. அதுவும் எங்களக் கேக்காம."

ஜான் போனிலிருந்து தலையை நிமிர்த்தி, "பெரிசு பக்கா மேஸ்திரி" என்றான்.

அவள் சொன்னது சரி என்று அவளிடம் நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லவே மாட்டேன். ராஜாக்களைக் கிழித்துப் போட்டேன். மலையையும் கோயிலையும் விட்டுவிட்டேன். இப்போது என் உலகத்தில் ஒரே ஒரு துறைமுகம்தான் இருக்கிறது. உன் கடலில் கிளம்பிய அவர்கள் படகு என் துறையில் வந்து சேரும். நம் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம் மாதிரி அங்கேயும் விடிந்ததும் ஏலம். ஆனால் வலையில் ஏறுவது மீன் இல்லை, கடலில் விழுந்தவர்களின் குரல்கள். கூடை கூடையாக அடுக்கியிருக்கும். சொந்தக்காரர்கள் காது வைத்துக் கேட்டு ஏலம் எடுப்பார்கள். முதல் நாள் ஒரு கூடையை யாரும் கேட்கமாட்டார்கள். ஏலக்காரி அதைத் திரும்பக் கடலில் கொட்டப் போவாள். ஆட்டம் அங்கே தொடங்கும். மீதியை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

"அந்தக் கூடையில கொண்டலா?" என்று கேட்டாள் செல்வி.

தெரியாது என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. கதை நடத்துகிற நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத் தன் ஆள் என்று ஒருவன் கிடையாது. நீ கடலில் தள்ளியபோதுகூடக் கொண்டல் என்னுடையவன்தான். இப்போதுதான் என் கையைவிட்டுப் போகிறான். அந்த நாற்காலியைக் காலியாக விட்டுப்போனவன் நீ.

வரும் ஞாயிறு ஆட்டம். யார் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன். செல்வி தன் வைத்தியக்காரியைப் படகில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஜான் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. ஜான் போனைக் கீழே வைத்துவிட்டு, ஏலக்காரிக்குக் குரல் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு மீன் வாங்கத் துறைமுகத்துக்குப் போகிறவன் அவன்தான், ஏலம் விடுகிற ராகம் அவனுக்கு வரும். உன் வீட்டுக்காரி மாடிக் கதவைத் திறந்து வைத்தால் போதும், டீ வேண்டாம். உட்காரத் தோன்றினால் உட்காரலாம், ஆனால் அழக் கூடாது. நான் இன்னொருவரின் பகடையைத் தொடக் கூடாது. யாராவது தண்ணீரில் விழுந்தால், முடிவு சொல்வதற்கு முன்னால் "இன்னா பண்றே?" என்று அவர்களையே கேட்க வேண்டும்.

உனக்கும் ஒன்று இருக்கிறது. நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று யாராவது அங்கே வந்து சொன்னால், நீ நம்பக் கூடாது.