பஞ்சர் ஆகாத டியூப்

மேனாம்பேட்டிலிருந்து இருட்டோடு கிளம்பி, முத்தாபுதுப்பேட்டை வரை வந்து, மணியடித்து என்னை எழுப்பிக் கூட்டிப்போன என் அன்பு தனாவுக்கு,

நீ போய் எட்டு மாசம் ஆகிறது. இந்த எட்டு மாசத்தில் உன்னோடு மனசுக்குள் பேசாத நாளே இல்லை. ஆனால் ஒரு விஷயம் வரும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் சுற்றிக்கொண்டு போய்விடுவேன். அதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ரோட்டுச் செய்தி சொல்லிவிடுகிறேன், உனக்கு அதுதானே வேண்டும். பூண்டி ஏரியில் இந்தத் தடவை நல்ல தண்ணீர். ஊத்துக்கோட்டை டீக்கடைக்காரர் என்னைத் தனியாகப் பார்த்ததும், "இன்னாபா, ஜோடி வர்லியா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அன்று அவர் என்னிடம் காசு வாங்கவில்லை. சுருட்டப்பள்ளி தாண்டியதும் பலகையெல்லாம் தெலுங்காக மாறுகிற இடத்தில் வழக்கம்போல் இறங்கித் தண்ணீர் குடித்தேன். நாகலாபுரத்துக்கு அப்பால், மலையை ஒட்டி மாந்தோப்புக்கு நடுவே போகும் உன் சின்ன ரோடு அப்படியேதான் இருக்கிறது. ஆடு மேய்க்கிறவர் ஒருவர், பால்கேனோடு ஒரு மொபெட், அவ்வளவுதான் போக்குவரத்து. நாம் கடைசியாக ஏறிய அந்த மலை மேட்டுக்குக் கீழே வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். ஏற முடியவில்லை. கால் வலி இல்லை, தனா.

இந்த ரோட்டை நீ எப்படித் தேடினாய் என்று எனக்குத் தெரியும். நீ லேத்தில், நான் இன்ஸ்பெக்‌ஷனில், ஒரே கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம். உனக்குச் சர்க்கரை வந்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார். "நடக்கறது கெய்வனுங்க வேல மாமே" என்று சொல்லிவிட்டு நீ சைக்கிள் வாங்கினாய், என்னையும் வாங்க வைத்தாய். சி.டி.எச். ரோட்டில் லாரிகளுக்கு நடுவே இரண்டு ஞாயிறு ஓட்டியதும் உனக்கு வெறுத்துவிட்டது. அப்புறம் வாரா வாரம் ஒரு கிளை ரோடு, ஒரு ஏரிக்கரை என்று தேடித்தேடி, கடைசியில் மலையடிவாரம் வரை போய்விட்டாய். "நம்ம செயின் சத்தம் நமக்கே கேக்கணும் மச்சான், அதான் ரோடு" என்பாய்.

அந்த ரோட்டில் எல்லாம் கேட்டது. அதுதான் என் கஷ்டம்.

நாம் கடைசியாகப் போன ஞாயிறு. அந்த மேட்டில் நான் முன்னால், நீ பத்தடி பின்னால். ஹேண்டிலில் மாட்டியிருந்த என் போனில் ஆவரேஜ் வேகம் மணிக்கு இருபத்தி நாலு கிலோமீட்டர் காட்டியது. அதுவரை இருபத்தி ரெண்டைத் தாண்டாதவன் நான். அப்போதுதான் நீ கூப்பிட்டாய்: "மச்சான், கொஞ்சம் நில்லுடா. நெஞ்சாண்ட இன்னாவோ பிசையறா மாரி கீது."

நின்றால் ஆவரேஜ் போய்விடும் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல், "மேல டீக்கடையாண்ட நிக்கிறேன், மெதுவா வா" என்று கத்திவிட்டு மிதித்தேன். சி.டி.எச். ரோட்டில் நீ கூப்பிட்டிருந்தால், லாரி சத்தத்தில் காதில் விழவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருப்பேன். நீ கண்டுபிடித்த ரோட்டில் அதற்கும் வழியில்லை.

மேலே உட்கார்ந்து டீ குடித்தேன். அந்த இருபத்தி நாலைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாய், சட்டையெல்லாம் நனைந்திருந்தது. "ஒண்ணும் இல்ல மச்சான், கேஸ் டிரபிளு" என்றாய். அப்புறம் என் போனை எட்டிப் பார்த்து, "இருபத்தி நாலா! சூப்பர் மாமே" என்று முதுகில் தட்டினாய். அந்த இடம் இப்போதும் கூசுகிறது, தனா. ஏன்டா என்னைத் திட்டவில்லை?

புதன்கிழமை காலை நீ மிஷின் பக்கத்திலேயே சரிந்துவிட்டாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் மனைவி, சுமதி தங்கச்சி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்னாடி வலி கிலி ஏதாச்சும் வந்துதான்னு டாக்டர் கேக்குறாருண்ணா. ஞாயித்துக்கெயம உங்களாண்ட இன்னா சொன்னாரு?" என்று கேட்டது. "ஒண்ணும் சொல்லலியே தங்கச்சி. நல்லாத்தான் இருந்தான்" என்றேன். யோசிக்கவே இல்லை. அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நீ போய் இரண்டு மாசம் கழித்து உன் மகள் ரேவதி உன் போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அந்த ஞாயிறு நாம் போன ரூட், நின்ற இடம் நேரத்தோடு, அதில் அப்படியே பதிவாகியிருந்தது. மேட்டில் ஓர் இடத்தில் விரலை வைத்து, "மாமா, அப்பா இங்க பதினோரு நிமிசம் நின்னுகினு கீறாரு. இன்னாத்துக்கு?" என்றாள்.

"பஞ்சர்மா" என்றேன்.

"அப்பாவுக்கா? சனிக்கெயமன்னா டயர தடவிப் பாக்காம தூங்க மாட்டாரே" என்றாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டாள். அப்புறம், உன் சைக்கிளை அவளே ஓட்டப்போவதாகவும், ஒரு தடவை எல்லாம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

சைக்கிளை என் வீட்டுக்கு எடுத்து வந்து டயரைக் கழற்றினேன். டியூபில் ஒரு கீறல்கூட இல்லை. ரேவதி என்றைக்காவது இதைத் திறந்தால் என் கதை கந்தலாகிவிடும். அடுத்து நான் செய்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஊசி எடுத்து உன் டியூபில் குத்தினேன். அதன்மேல் நானே பேட்ச் ஒட்டினேன். ஒவ்வொரு பேட்ச் பக்கத்திலும் நீ பால்பென்னால் தேதி எழுதுவாய் அல்லவா? அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியை உன் கையெழுத்து மாதிரியே எழுதினேன். சரியில்லாத பொருளைத் தனியே எடுத்து வைப்பதுதான் இத்தனை வருஷமாக நான் பார்க்கிற வேலை. இதைவிடக் கேடுகெட்ட ஒரு பொருள் என் மேஜைக்கு வந்ததில்லை.

வேறு டியூப் போட்டுச் சைக்கிளைக் கொடுத்தேன். பழையதையும் சாட்சி மாதிரி ரேவதி கையில் வைத்தேன். அவள் தேதியைப் பார்த்தாள். "அப்பா எய்துனது" என்று சொல்லி அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இப்போது அது உன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.

போன வாரம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கச்சி ரொம்ப இளைத்துவிட்டது. சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள் ரேவதி. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, தங்கச்சி அந்த டியூபைக் காட்டியது.

"வழியில பஞ்சர ஒட்டிகினு அந்த மலை மேட்ட ஏறி வந்த மனுசன்ணா. அன்னிக்கு அவுருக்கு ஒண்ணுமே இல்ல. புதன்கெயம காலைல, சாப்புடாம கெளம்புறாருன்னு நாந்தான் வாசல்ல நின்னு கத்துனேன். மூஞ்சி சுருங்கிப் போனாரு. நாந்தாண்ணா கொன்னுட்டேன்."

அப்போதாவது சொன்னேனா? "அப்டிலாம் பேசாத தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தேன். நான் குத்திய டியூபைச் சாட்சியாக வைத்துக்கொண்டு தங்கச்சி தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டிருக்கிறது. நான் வாயைத் திறந்தால் அந்தப் பாரம் இறங்கிவிடும். எட்டு மாசமாக என் மானத்தைக் காப்பாற்ற உன் மனைவியைப் பட்டினி போட்டிருக்கிறேன். கண்ணாடியில் முகம் பார்க்க வெட்கமாக இருக்கிறது, தனா. நீ இருந்திருந்தால் இதற்காவது என்னைத் திட்டியிருப்பாயா?

நாளைக்கு ஞாயிறு. விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேனாம்பேடு போகிறேன். இந்தக் கடிதத்தை நம்மோடு சைக்கிள் ஓட்டும் நண்பர்களுக்கும் காட்டப்போகிறேன்; ஆனால் அவர்கள் படிப்பது அதற்கு அப்புறம்தான். தங்கச்சியிடம் சொல்வேன்: "ஞாயித்துக்கெயமயே அவனுக்கு நெஞ்சு வலிச்சுது. நில்லுடான்னான். நான் நிக்கல." ஆணியில் தொங்குவதை என் கையாலேயே கழற்றுவேன். அதற்கப்புறம் தங்கச்சி என்னை அண்ணா என்று கூப்பிடாமல் போனாலும், வாசலோடு அனுப்பினாலும், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

ரேவதிக்கு அந்த மேட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. என்னோடு வர அதற்கப்புறமும் மனசிருந்தால் கூட்டிப்போவேன். போனை வீட்டில் வைத்துவிட்டு, அவளை முன்னால் விட்டு, நான் பின்னால் ஓட்டுவேன். அவள் எங்கே நிற்கிறாளோ, அங்கே நானும் நிற்பேன்.

அன்று நிற்காமல் போன உன் மச்சான்,
முரளி