ஜமீலா கையில் நீலத் திட்டுகள்

வெள்ளிக்கிழமை.

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் என் மனைவி ஜமீலாவின் கைகளில் ஒரு மாதமாக ரத்தம் கன்றி நீலத் திட்டுகள். நான்தான் அடிக்கிறேன் என்று அவள் அண்ணன் சொந்த ஊரான வீரசோழனிலிருந்து வந்து சண்டை போட்டார். அவள் மறுத்தும் நம்பவில்லை.

இன்று மூவரும் மதுரை போனோம். இந்த மாத்திரையையும் ரத்தக்கட்டையும் ஆராயும் டாக்டரம்மா அவளைச் சோதித்துவிட்டு, "இது அடி இல்ல, மாத்திரையால வந்தது. மெதுவா வேற மாத்திரைக்கு மாத்திரலாம்" என்றார்.

திரும்பி எங்கள் ஊர் அருப்புக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, தப்பா நெனச்சுட்டேன்."

"தங்கச்சி மேல உள்ள பாசந்தானே, விடுங்க" என்றேன். மனசு லேசாகிவிட்டது.

ஜமீலா விடவில்லை. "நான் சொன்னப்ப நம்பலையேண்ணே?"

அவர் தலை குனிந்துகொண்டார். பிறகு அவரைச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னதும் அவள்தான்.